ட்ரெய்லரில் தண்ணீர் மெல்ல வருகிறதா? பம்பைக் கழற்றுவதற்கு முன்

போன வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ஹூஸ்டனில் இருக்கும் ஒரு தம்பி போன் செய்தார். புதிதாக டிராவல் ட்ரெய்லர் வாங்கி, குடும்பத்தோடு இரண்டாவது பயணம் போய், ட்ரெய்லர்களை நிறுத்தித் தங்கும் பார்க் ஒன்றில் இருந்தார். ஷவரில் தண்ணீர் தலையில் விழாமல் சுவரோடு ஒட்டி வழிகிறதாம். பிள்ளைகள் சோப்பு போட்டபடி நிற்கிறார்கள்.

"அண்ணா, பம்பு போயிடுச்சுன்னு நினைக்கிறேன். புதுசு ஆர்டர் போட்டுடவா?"

"இருப்பா, அவசரப்படாதே. இப்போ பார்க்குல ஹோஸ் மாட்டியிருக்கியா, இல்ல டேங்க்ல இருந்து எடுக்கிறியா?"

"ஹோஸ்தான்ணா."

"அப்போ அந்தத் தண்ணி பம்பு வழியாவே வரலையே. அது மேல ஏன் பழி போடுற?"

கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமில்லை. இந்த ஒரு விஷயம் யாரும் சொல்லித் தராததால் வீணாகக் கழற்றப்படும் பம்புகள் நிறைய. தண்ணீர் குறைந்தால் எங்கே குறைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையில் முக்கால் பங்கு. சரிசெய்வது பெரும்பாலும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் கொஞ்சம் வினிகரும் வைத்து முடிந்துவிடும்.

ட்ரெய்லருக்குள் தண்ணீர் வர இரண்டு வழிகள்

டிராவல் ட்ரெய்லர் என்பது பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சின்ன வீடு. அடுப்பு, கட்டில், கழிவறை, ஷவர் எல்லாம் உள்ளே உண்டு. ஆனால் நம் ஊர் வீட்டில் இருக்கிற ஒன்று மட்டும் இல்லை: மொட்டை மாடித் தொட்டி. ட்ரெய்லரின் டேங்க் கட்டிலுக்கு அடியிலோ தரைக்குக் கீழேயோ படுத்துக் கிடக்கும். அங்கிருந்து தண்ணீர் தானாக மேலே ஏறாது. அதனால் பேட்டரியில் ஓடும் சின்ன 12 வோல்ட் பம்ப் ஒன்று வைத்திருப்பார்கள். குழாயைத் திறந்ததும் அது தானாக ஓடும், மூடினால் நின்றுவிடும். இது முதல் வழி.

இரண்டாவது வழி, பார்க்கில் நம் இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும் தெருக்குழாய் மாதிரியான ஒரு குழாய். அதிலிருந்து ஹோஸ் இழுத்து ட்ரெய்லரின் பக்கவாட்டில் உள்ள வாயில் மாட்டுவோம். ஊர்த் தண்ணீருக்கு ஏற்கெனவே அழுத்தம் இருப்பதால் பம்புக்கு வேலையில்லை. சுவிட்சை அணைத்தே வைக்கலாம்.

இரண்டு வழிகளும் உள்ளே ஓர் இடத்தில் சேர்கின்றன. அந்தச் சந்திப்புக்கு அப்புறம் சமையலறை, ஷவர், கழிவறை எல்லாவற்றுக்கும் ஒரே பைப்தான். இந்தப் படத்தை மனதில் ஒருமுறை வரைந்துகொள்ளுங்கள். ஹோஸில் போட்டுப் பாருங்கள், பிறகு ஹோஸ் குழாயை அடைத்துவிட்டு பம்பில் போட்டுப் பாருங்கள். ஹோஸில் மட்டும் குறைந்தால் கோளாறு சந்திப்புக்கு முன்னால், ஹோஸ் பக்கம். பம்பில் மட்டும் குறைந்தால் பம்ப் பக்கம். இரண்டிலும் குறைந்தால் சந்திப்புக்குப் பின்னால். ஒரு ஸ்பானரைக்கூட எடுக்காமல் ட்ரெய்லரில் பாதியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம்.

அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு

"பிரஷர் இல்லை" என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். பல நேரம் பிரஷர் இருக்கும், தண்ணீர்தான் இருக்காது. புதிதாக ட்ரெய்லர் வாங்கியவர்களை அதிகம் குழப்புவது இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானிக்கலாம்.

கார் டயருக்குக் காற்றடிக்கும்போது "முப்பத்திரண்டு வைங்க" என்கிறோமே, அது பிஎஸ்ஐ கணக்கு. ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை பவுண்டு அழுத்துகிறது என்று அர்த்தம். தண்ணீருக்கும் அதே அளவுதான். தண்ணீர் 2.31 அடி உயரத்தில் நின்றால் அடியில் 1 பிஎஸ்ஐ. நம் ஊர் வீட்டில் மாடித் தொட்டி குழாய்க்கு 20 அடி மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் கிடைப்பது 9 பிஎஸ்ஐகூட இல்லை. அந்த 9 பிஎஸ்ஐயில்தான் வாளி நிரப்பி, பாத்திரம் கழுவி, தலை முழுகி வளர்ந்தோம்.

ட்ரெய்லர் பம்ப் ஒன்றைப் பாருங்கள். பரவலாகக் காணப்படும் ஷுர்ஃப்ளோ பம்ப் ஒன்று 55 பிஎஸ்ஐயில் நிற்கும்படி அமைக்கப்பட்டது. 55 பிஎஸ்ஐ என்றால் 127 அடி உயரத் தொட்டிக்குச் சமம், கிட்டத்தட்ட பன்னிரண்டு மாடி. பன்னிரண்டு மாடி உயரத் தொட்டியை வைத்துக்கொண்டு ஷவரில் தண்ணீர் வரவில்லை என்றால், உயரத்தில் குறையில்லை. வழியில்தான் எங்கோ அடைப்பு.

அழுத்தம் என்பது தள்ளும் பலம். ஓட்டம் என்பது ஒரு நிமிடத்தில் வந்து சேரும் தண்ணீரின் அளவு. குழாய்கள் எல்லாம் மூடியிருக்கும்போது ஓட்டமே இல்லை, ஆனால் அழுத்தம் முழுசாக நிற்கும். வழியில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் போதும், கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமும் அழுத்தம் சமமாகிவிடும். கேஜ் 50 காட்டும், நாமும் திருப்தியாகிவிடுவோம். குழாயைத் திறந்ததும் அந்த ஊசி ஓட்டை வழியாக எவ்வளவு வருமோ அவ்வளவுதான் வரும். அதனால் மூடிய குழாயோடு கேஜைப் பார்ப்பதில் பாதி உண்மைதான் தெரியும். திறந்துவிட்டுப் பாருங்கள்.

இதற்கு ஹோஸில் திருகிவிடும் சின்ன பிரஷர் கேஜ் ஒன்று போதும், அதிக விலை இல்லை. அதை ஹோஸ் ட்ரெய்லருக்குள் நுழையும் இடத்தில் மாட்டுங்கள். எல்லாம் மூடியிருக்கும்போது 50 காட்டுகிறது. சமையலறைக் குழாயை முழுசாகத் திறக்கிறீர்கள். முள் 15க்கு விழுந்தால் அடைப்பு கேஜுக்கு முன்னால்: ஹோஸ், ஃபில்டர், அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், அல்லது பார்க் குழாயே. முள் 45க்குப் பக்கத்திலேயே நின்று, உள்ளே மட்டும் தண்ணீர் நூலாக ஒழுகினால் அடைப்பு கேஜுக்குப் பின்னால், ட்ரெய்லருக்குள். இந்தச் சோதனையைச் செய்துவிட்டால் அதற்கப்புறம் தேடவேண்டிய இடம் பாதியாகிவிடும்.

கேஜ் இல்லையா? பால் வாங்கிய ஒரு கேலன் கேன் இருக்கும் அல்லவா, அதைக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட 3.8 லிட்டர். பார்க் குழாயில் நேரடியாகப் பிடித்து எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 20 நொடி என்றால் நிமிடத்துக்கு 3 கேலன். நல்ல ஷவருக்கு நிமிடத்துக்கு 2 கேலன் வந்தாலே தாராளம். அமெரிக்காவில் ஷவர் தலைக்குச் சட்டப்படியான உச்ச வரம்பே 2.5 கேலன்தான். பிறகு ஹோஸின் மறுமுனையில் பிடியுங்கள். பிறகு ரெகுலேட்டரும் ஃபில்டரும் மாட்டிப் பிடியுங்கள். எந்த இடத்தில் 20 நொடி திடீரென்று 50 நொடியாகிறதோ, அந்த இடத்தில்தான் கோளாறு.

ஹோஸ் பக்கம் குறைந்தால்

முதல் சந்தேகம் ரெகுலேட்டர் மேல். பார்க்குகளில் அழுத்தம் ஒரே மாதிரி இருக்காது. சில இடங்களில் 80, 100 பிஎஸ்ஐகூட வரும், அதுவும் ராத்திரி யாரும் தண்ணீர் எடுக்காதபோது ஏறும். ட்ரெய்லரின் பிளாஸ்டிக் பைப் இணைப்புகளுக்கு அது ஆகாது. அதனால் பார்க் குழாயில் ரெகுலேட்டர் மாட்டி 40 முதல் 60 வரை கட்டுப்படுத்துகிறோம். இதைக் கழற்றிவிட்டால் ஷவர் பிரமாதமாக வருகிறதே என்று சிலர் கழற்றியே விடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நள்ளிரவில் தரைக்கடியில் ஓர் இணைப்பு பிதுங்கினால் மரத்தரை ஊறி வீணாவது காலையில்தான் தெரியும்.

ஆனால் ரெகுலேட்டரில் இரண்டு சாதி உண்டு. விரல் நீளத்தில் பித்தளைக் குழல் மாதிரி இருப்பது விலை மலிவு. அதற்குள் வழி குறுகல், அழுத்தத்தைக் குறைக்கும்போது ஓட்டத்தையும் சேர்த்து நெரித்துவிடும். இன்னொன்று தலைப்பக்கம் திருகாணியும் கேஜும் வைத்த பெரியது. அளவை நாமே வைத்துக்கொள்ளலாம், உள்வழியும் அகலம். ட்ரெய்லருக்கென்று ஒரே ஒரு பொருளுக்குத்தான் கூடுதல் காசு செலவழிப்பேன் என்றால் இதற்குச் செலவழியுங்கள். ஷவரில் வித்தியாசம் முதல் நாளே தெரியும். குளிர்காலத்தில் மட்டும் ராத்திரி கழற்றி உள்ளே வையுங்கள், உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்தால் பித்தளையே வெடித்துவிடும்.

அடுத்து ஹோஸ். அரை அங்குல ஹோஸுக்குப் பதில் ஐந்தெட்டு அங்குல ஹோஸ் போட்டால் உள்பரப்பே ஒன்றரை மடங்குக்கு மேல். நீளம் கூடக்கூட ஓட்டம் குறையும் என்பதால், பத்தடி தூரத்துக்கு ஐம்பதடி ஹோஸைச் சுருட்டி வைத்திருப்பதில் லாபமில்லை. சுருளில் எங்காவது மடிந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள், வாயில் மாட்டும் இடத்தில்தான் பெரும்பாலும் மடியும். ஃபில்டர் பழசானால் கழற்றிவிட்டு ஒருமுறை சோதியுங்கள். ஒரே நிமிட வேலை.

இத்தனைக்கும் அப்புறம் ட்ரெய்லரின் வாயிலேயே ஓர் இடம் இருக்கிறது, பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே காசு அளவு வட்டமாக ஒரு வலை தெரியும், காபி வடிகட்டி மாதிரி. பார்க் பைப்களில் வரும் மணலும் துருவும் அதில்தான் தங்கும். டெக்சாஸின் ஹில் கன்ட்ரி பக்கம் போனால் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வருவதால், நாம் உப்புப் படிவம் என்று சொல்கிறோமே அந்த வெள்ளைப் படிவமும் சேரும்.

அந்த வலையை எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. பார்க் குழாயை மூடி, பம்ப் சுவிட்சை அணைத்து, சமையலறைக் குழாயைத் திறந்து உள்ளே இருக்கும் அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுத்தான் தொட வேண்டும். காரணம், வலைக்குப் பின்னால் தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் ஒருவழி வால்வு இருக்கிறது. உள்ளே அழுத்தம் இருக்கும்போது அதன் நடுக்குச்சியை அழுத்திவிட்டால் ரப்பர் வளையம் பிதுங்கி வெளியே வந்துவிடும். அப்புறம் பம்ப் போட்டால் அந்த வாய் வழியாகவே தண்ணீர் கொட்டும். அழுத்தத்தை இறக்கிய பிறகு மூக்கு நீண்ட குறடால் வலையை மெதுவாக இழுங்கள். வினிகரில் அரைமணி நேரம் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, பின்பக்கமிருந்து தண்ணீர் விட்டுக் கழுவிப் பழையபடி வையுங்கள்.

ஹூஸ்டன் தம்பிக்கு அடைப்பு இந்த வலையில்தான் இருந்தது. எடுத்துப் படம் அனுப்பியிருந்தார். பாதி வட்டம் செம்மண் நிறத்தில் மூடிக்கிடந்தது.

பம்ப் பக்கம் குறைந்தால்

பம்பைக் கண்ணால் பார்க்கும் முன் காதால் கேளுங்கள். சமையலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, பம்ப் இருக்கும் கட்டிலடியிலோ அலமாரியடியிலோ காது வையுங்கள்.

குழாய் முழுசாகத் திறந்திருக்கும்போதே பம்ப் "டர்ர்... டர்ர்... டர்ர்..." என்று விட்டுவிட்டு ஓடினால், பம்ப் நன்றாகவே இருக்கிறது. அது தள்ளும் தண்ணீர் முன்னால் போக வழியில்லாமல் அழுத்தம் சட்டென்று ஏறி, சுவிட்ச் அணைந்து, மறுபடி ஓடுகிறது. அடைப்பு பம்புக்கு அப்புறம், அநேகமாக நீங்கள் திறந்த குழாயின் வாயிலேயே. அதற்கு மாறாக, பம்ப் நிற்காமல் ஒரே சீராக ஓடியும் தண்ணீர் சோம்பலாக வந்தால், பம்புக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை, அல்லது காற்றை உறிஞ்சுகிறது, அல்லது பம்ப் தேய்ந்துவிட்டது. வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வகைப் பம்புகளுக்கு மட்டும் இந்தக் காதுச் சோதனை பொருந்தாது. மற்றவற்றுக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

பம்புக்குத் தண்ணீர் நுழையும் பக்கம், உள்ளங்கையில் அடங்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று திருகியிருக்கும். அதற்குள்ளும் ஒரு வலை. எங்கள் ட்ரெய்லரின் முதல் வருஷத்தில் ஃப்ரியோ ஆற்றங்கரையில் முகாம் போட்டிருந்தோம். ஆற்றோரம் நெடுநெடுவென்று சைப்ரஸ் மரங்கள், தண்ணீர் கண்ணாடி மாதிரி. ட்ரெய்லருக்குள் மட்டும் ஷவர் அழுதுகொண்டிருந்தது. ஊர் திரும்பியதும் ஒரு பழுது பார்ப்பவரிடம் காட்டினோம். பம்பை மாற்றச் சொன்னார், மாற்றினோம். அடுத்த பயணத்தில் மறுபடி அதே அழுகை. அன்றைக்குத்தான் அந்தக் கிண்ணத்தைத் திறந்தேன். உள்ளே தேங்காய்த் துருவல் மாதிரி வெள்ளை வெள்ளையாகச் சுருண்ட பிளாஸ்டிக் சீவல். டேங்கில் பைப் மாட்டத் துளை போடும்போது உள்ளே விழுந்த சீவல், வண்டி குலுங்கக் குலுங்க ஒவ்வொன்றாக வந்து வலையை அடைத்திருக்கிறது. கழுவிப் போட்டதும் ஷவர் சீறியது. நல்ல பம்பை மாற்றியதுதான் மிச்சம். புது ட்ரெய்லர் வாங்கியவர்கள் முதல் இரண்டு மூன்று பயணங்களுக்கு ஒவ்வொரு முறையும் இந்தக் கிண்ணத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

கிண்ணத்தைத் திருப்பி மாட்டும்போது ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தப் பக்கம் தண்ணீரை உறிஞ்சும் பக்கம் என்பதால், தளர்வாக இருந்தால் தண்ணீர் வெளியே கசியாது. காற்று உள்ளே போகும். குழாயில் தண்ணீர் "புஸ் புஸ்" என்று துப்பித் துப்பி வரும், கிண்ணத்துக்குள் குமிழிகள் ஓடுவதும் தெரியும். வெளியே ஒரு சொட்டும் காணோமே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

பல ட்ரெய்லர்களில் பம்ப் பக்கத்திலேயே மூவழி வால்வு ஒன்று இருக்கும். குளிர்காலத்துக்கு முன் பைப்கள் உறைந்து வெடிக்காமலிருக்க இளஞ்சிவப்பு நிற ஆன்டிஃப்ரீஸை உறிஞ்ச வைப்பது அதன் வேலை. வசந்தத்தில் அதை டேங்க் பக்கம் திருப்ப மறந்தால் பம்ப் வெறும் காற்றைத்தான் குடிக்கும். வெளிப்பக்கம் பலகையில் கைப்பிடிகள் வைத்து, ஊர்த் தண்ணீர், டேங்க் நிரப்புதல், குளிர்காலம் என்று நிலைகள் எழுதியிருக்கும் ட்ரெய்லர்களிலும் இதே கதைதான். கைப்பிடி பாதியில் நின்றால் தண்ணீரும் பாதிதான் வரும்.

அப்புறம் பேட்டரி. முழுசாகச் சார்ஜ் ஆன ஈய பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். மின் இணைப்பில்லாத இடத்தில் இரண்டு நாள் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் ராத்திரி ஷவர் மெலிந்தால் பம்பைத் தொடாமல் பேட்டரியைப் பாருங்கள். பம்ப் ஓடும்போது அதன் வயர்களிலேயே மீட்டர் வைத்து அளந்தால்தான் சரியான கணக்கு தெரியும். துருப்பிடித்த இணைப்பு வழியில் ஒரு வோல்ட்டைத் தின்றிருக்கலாம்.

யாரும் குழாயைத் திறக்காதபோது பம்ப் அவ்வப்போது ஒரு நொடி ஓடி நிற்கிறதா? எங்கோ கசிவு, இல்லை பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு தளர்ந்து தண்ணீர் பின்னால் டேங்குக்குப் போகிறது. இரண்டாவதுதான் காரணம் என்றால் இன்னோர் அடையாளமும் கிடைக்கும்: ஹோஸ் மாட்டியிருக்கும்போது, நீங்கள் நிரப்பாமலே டேங்க் நிரம்பி வண்டிக்கடியில் வழியும்.

பம்பின் தலையில் அழுத்தத்தைக் கூட்டும் சின்னத் திருகாணி ஒன்று உண்டு. இணையத்தில் பார்த்துவிட்டு முதலிலேயே அதைத் திருகாதீர்கள். மேலே சொன்ன எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு கடைசியாகத் தொட வேண்டியது அது.

ஒரே ஒரு குழாயில் மட்டும் குறைந்தால்

இது சுலபம். குழாயின் வாயில் திருகியிருக்கும் சல்லடையைக் கழற்றுங்கள், சல்லடை இல்லாமல் திறந்து பாருங்கள். நன்றாக வந்தால் சல்லடையை வினிகரில் ஊறவைத்துக் கழுவி மாட்டுங்கள். ஷவர் தலைக்கும் அதே வைத்தியம்.

வெந்நீரில் மட்டும் குறைந்தால்

எல்லாக் குழாயிலும் பச்சைத் தண்ணீர் நன்றாக வந்து, வெந்நீர் மட்டும் மெலிந்தால் ஹீட்டருக்கு வாருங்கள். ட்ரெய்லர் ஹீட்டர் என்பது பெரும்பாலும் 6 அல்லது 10 கேலன் கொண்ட சின்ன டேங்க். பச்சைத் தண்ணீர் கீழ்வழியாக நுழையும், வெந்நீர் மேல்வழியாகப் போகும். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுக்குப் பைப், அதில் வால்வு. குளிர்காலத்தில் ஹீட்டரைத் தவிர்த்து ஆன்டிஃப்ரீஸ் ஓடவிட இந்த ஏற்பாடு. குறுக்கு வால்வைத் திறந்தபடியே விட்டிருந்தால் வெந்நீர்க் குழாயில் பச்சைத் தண்ணீர் தாராளமாக வரும். ஹீட்டரின் வழி வால்வுகள் பாதி மூடியிருந்தால் வெந்நீர் மெலிந்து வரும். எல்லாக் கைப்பிடிகளையும் ஒருமுறை முழுசாகத் திருப்பிப் பாருங்கள்.

வால்வுகள் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் ஹீட்டரின் மேல்வழியில் இருக்கும் பிளாஸ்டிக் ஒருவழி வால்வு. அது பாதியில் ஒட்டிக்கொள்வது பழைய ட்ரெய்லர்களில் சகஜம். இன்னொன்று ஹீட்டருக்குள் சேரும் படிவம். சபர்பன் என்ற நிறுவனத்தின் ஹீட்டர்களில் எஃகு டேங்க் துருப்பிடிக்காமலிருக்க ஒரு மெக்னீசியத் தண்டு திருகியிருப்பார்கள். துரு டேங்கை அரிக்காமல் அந்தத் தண்டை அரித்துக்கொண்டு போகும். அரித்த துகள்கள் கிளம்பி வெந்நீர்ப் பக்கச் சல்லடைகளை அடைக்கும். வருஷத்துக்கு ஒருமுறை தண்டைக் கழற்றி, டேங்கைக் கழுவி, தண்டு மெலிந்திருந்தால் மாற்ற வேண்டும்.

இந்த வேலையில் மட்டும் அவசரமே கூடாது. கேஸ், மின்சாரம் இரண்டையும் அணைத்து, சில மணி நேரம் ஆறவிட்டு, தண்ணீர் வழியை மூடி, குழாயைத் திறந்து, மேலே உள்ள பாதுகாப்பு வால்வைத் தூக்கி அழுத்தத்தை வெளியேற்றிய பிறகுதான் தண்டில் ஸ்பானர் வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீர் 60 டிகிரி செல்சியஸ் வரை சுட்டிருக்கும். அழுத்தத்தோடு தண்டு கழன்றால் கையும் முகமும் வெந்துவிடும். முடித்த பிறகு, வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வருவதைப் பார்த்து, டேங்க் நிரம்பியது உறுதியான பின்பே மின்சார சுவிட்சைப் போடுங்கள். காலி டேங்கில் தண்ணீரைச் சுடவைக்கும் மின்கம்பி சில நிமிடங்களில் எரிந்துபோகும்.

பார்க்கிலேயே குறைவாக இருந்தால்

கேனை எடுத்துக்கொண்டு பார்க் குழாயிலேயே பிடித்துப் பார்த்தபோது 60 நொடி ஆகிறதா? அப்படியானால் உங்கள் ட்ரெய்லரில் ஒரு குறையும் இல்லை. விடுமுறை நாள் காலை எட்டு மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் குளிக்கும்போது, பைப்பின் கடைசியில் இருக்கும் இடங்களுக்கு இவ்வளவுதான் வரும். மதியம் போய்ப் பார்த்தால் நன்றாக வரும்.

இதற்கு நாங்கள் செய்வது இதுதான். முந்தின நாள் ராத்திரி, பார்க் அடங்கிய பிறகு, டேங்கை நிரப்பிவிடுவோம். மெல்ல வந்தாலும் பரவாயில்லை, டேங்குக்கு அவசரமில்லை. காலையில் பார்க் குழாயை மூடிவிட்டு பம்ப் சுவிட்சைப் போடுவோம். பக்கத்து இடங்களில் எத்தனை பேர் குளித்தாலும் எங்கள் ஷவரில் பம்பின் பலம் அப்படியே இருக்கும். எட்டரைக்கெல்லாம் நால்வரும் தலை துவட்டிக்கொண்டு வெளியே காபியோடு உட்கார்ந்திருப்போம்.